உடுப்புக் கொடியில் தொங்கிய மாப்பிள்ளை

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. எல்லாரும் அதை என் குணம் என்று நினைக்கிறார்கள். குணம் ஒன்றும் இல்லை, தற்காப்பு. நான் வாயைத் திறந்த போதெல்லாம் எனக்கு ஏதாவது ஒரு வேலை வந்து சேர்ந்திருக்கிறது.

மகள் அபிராமியின் கலியாணப் பேச்சு நடந்த அன்று மூன்றே மூன்று சொல் சொன்னேன்.

"கப்பை நான் செய்யிறன்."

அந்த மூன்று சொல்லால் வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். (எழுதச் சொன்னவளும் அவள்தான். "நீங்கள் ஆர் கேட்டாலும் கதைக்கமாட்டியள். எழுதியாவது வையுங்கோ அப்பா" என்றாள்.)

முதலில் நான் யார் என்று சொல்லவேண்டும். சொல்ல அதிகம் இல்லை. சிட்னியில் வென்ட்வேர்த்வில்லில் வீடு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். இரண்டு பக்கத்திலும் யாரும் அழவில்லை. இங்கே வந்து ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை. மாத் தட்டை அடுப்புக்குள் தள்ளுவது, ரொட்டியாக வெந்ததும் இழுப்பது. பாணோடு பேசத் தேவையில்லை. முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பிறகு வேலையை விட்டு வீட்டில் இருந்தேன். நான் வீட்டில் இருப்பது என் மனைவி ரஞ்சிக்கு முதல் கிழமை பிடித்திருந்தது.

அந்த நேரத்தில்தான் என் பழைய கூட்டாளி ராசன் ஒரு மெசினோடு வந்தான். ராசன் எந்த வியாபாரத்தையும் தொடங்குவான், எதையும் நடத்தமாட்டான். அவன் வீட்டுக் கராஜில் இடம் இல்லாமல் போனதால் அது என் வீட்டுக் கராஜுக்கு வந்தது. கப்பில் படம் போடும் மெசின்.

வேலை சுலபம் என்றான். தனி மையில் படத்தைத் தாளில் அச்சடிக்க வேண்டும். வெள்ளைக் கப்பைச் சுற்றி அந்தத் தாளை இறுக்கி ஒட்ட வேண்டும். பிறகு கப்பை மெசினுக்குள் வைத்து மூடினால், ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கும்போது கையைச் சுற்றி இறுக்குமே, அதுபோல் கப்பை இறுக்கும். நல்ல சூடு. அந்தச் சூட்டில் மை ஆவியாகிக் கப்பின் மேல் இருக்கும் பூச்சுக்குள் போய்விடும். மெசின் கத்தும். எடுத்துத் தாளை உரிக்க வேண்டும்.

தாளில் இருக்கும்போது படம் கழுவின உடுப்பு மாதிரி மங்கலாக இருக்கும். உரிக்கும்போது பளிச்சென்று வரும். பாண் அடுப்பைத் திறக்கும்போது ஒரு வாசனை வருமே, அதே சந்தோசம் எனக்கு. வேறு காரணம் இல்லை, அதற்காகத்தான் அந்த மெசினை வைத்துக்கொண்டேன்.

என் முதல் கப்பில் என் பெயரையே போட்டேன். எழுத்தைப் புரட்டி அச்சடிக்க வேண்டும் என்பதை ராசன் சொல்லவில்லை. அல்லது சொல்லும்போது நான் மெசினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் இடம் வலமாக மாறி வந்தது. அந்தக் கப் இன்றும் எங்கள் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பல்லுத் துலக்கும் பிரஷ் வைக்க உதவுகிறது. அங்கேதான் அதை வாசிக்க முடியும் என்று ரஞ்சி வைத்தாள்.

இவ்வளவு அனுபவத்தோடுதான் அந்த மூன்று சொல்லைச் சொன்னேன்.

மாப்பிள்ளை தினேஷ் மலேசியத் தமிழ்ப் பிள்ளை. அவனுடைய அம்மா லெட்சுமி ஈப்போவிலிருந்து படிக்க வந்து, படித்து முடித்து, இங்கேயே பெரிய அலுவலகம் ஒன்றில் அதிகாரியாக இருப்பவர். அவருடைய கணவர் என்னைவிடப் பேசாதவர். அதனால் எங்கள் இருவருக்கும் நல்ல உறவு. ஆனால் லெட்சுமியம்மா என்னை "மிஸ்டர் சிவா" என்றுதான் கூப்பிடுவார். சம்பந்தி என்று ஒருநாளும் வாயில் வந்ததில்லை. மரியாதைதான். வங்கியில் கூப்பிடுகிற மரியாதை.

மண்டபம் அவர்கள் பார்த்தார்கள். சாப்பாடு அவர்கள். மேளம்கூட அவர்களுக்குத் தெரிந்தவர். ஒவ்வொன்றையும் லெட்சுமியம்மா சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பெண்ணைப் பெற்றவன் நான், எனக்குத் தலையாட்டுவதைத் தவிர அலுவல் இல்லை. கடைசியில் நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டும் ஏதாவது கையில் கொடுக்கவேண்டும் என்றார்.

"பொண்ணு மாப்ள படம் போட்ட கப் கொடுக்கலாம். சிட்டியில ஒரு கடை இருக்கு, நல்லா செய்றாங்க."

அப்போதுதான் சொன்னேன். கப்பை நான் செய்யிறன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்திருந்த கதிரை பேசியது போல் பார்த்தார்கள். லெட்சுமியம்மா, "நீங்களா மிஸ்டர் சிவா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அபி முந்திக்கொண்டாள்.

"ஓம் அன்ரி. அப்பா வீட்டிலேயே செய்யிறவர். சூப்பரா செய்வார்."

அவள் அதுவரை பார்த்தது அந்தக் குளியலறைக் கப் ஒன்றைத்தான்.

திரும்பி வரும்போது காருக்குள் பின்சீட்டிலிருந்து மெதுவாகச் சொன்னாள். "அப்பா, நான் பெருமையாச் சொல்லிப்போட்டன். நாளைக்கு நான் அந்த வீட்டில இருக்கப்போறவள். பிழை விட்டிடாதேங்கோ."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பயம் வந்திருக்காது. பெருமையாகச் சொன்னேன் என்றாளே, அதுதான் பயம்.

கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி காலையில் கராஜில் வேலையைத் தொடங்கினேன். (முந்தியே தொடங்கியிருக்கலாம். தொடங்கவில்லை.) பரமட்டா ஆற்றங்கரையில் அபியும் தினேஷும் நின்று சிரிக்கும் படம். முதல் கப்பை எடுத்துத் தாளோடு மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன். ஆறட்டும் என்று.

ஆறவில்லை. தாள் ஒட்டியிருக்கும் வரைக்கும் கப்பின் சொந்தச் சூட்டிலேயே மை வேலை செய்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தாளும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. உரித்தபோது தினேஷுக்கு நாலு கண். அபிக்கு இரண்டு வாய், இரண்டும் சிரித்தன.

ராசனுக்குப் போன் எடுத்தேன்.

"மச்சான், சூட்டோட தாளை உரி. உரிச்ச கையோட தண்ணிக்குள்ள விடு. இல்லாட்டிப் படம் கரைஞ்சுபோம்."

"சரி."

போனை வைத்துவிட்டேன். என்ன தண்ணீர் என்று கேட்டிருக்கலாம். இரண்டாவது கேள்வி கேட்பது என் வழக்கம் இல்லை.

ஜூன் மாதம். சிட்னிக் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். வாளியில் பிடித்தேன். மெசின் கத்தியது. கையுறை போட்டு எடுத்தேன், உரித்தேன், விட்டேன். "டிக்" என்று ஒரு சத்தம். கைப்பிடி என் கையில் இருந்தது. கப் வாளிக்குள் இருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது நேர்த்தியாக நடுவில் பிரிந்தது. ஒரு துண்டில் அபி, ஒரு துண்டில் தினேஷ். கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அப்படிப் பார்க்க எனக்கே சரியாகப் படவில்லை. துணியால் மூடிவைத்தேன்.

மறுபடி போன்.

"பச்சைத் தண்ணியிலயோ விட்டனீ?" என்றான் ராசன். "நீ என்ன இரும்பே காய்ச்சுறாய்? இளஞ்சூட்டுத் தண்ணியில விடவேணும் மடையா. கை வைக்கிற சூடு."

"சரி."

இளஞ்சூட்டுத் தண்ணீருக்குக் குசினிக்குப் போகவேண்டும். குசினியில் ரஞ்சியும் அவளுடைய சிநேகிதிகளும் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனால் தேங்காய் துருவச் சொல்வார்கள். திரும்பினேன். கராஜ் கதவடியில் ஒரு தொட்டி இருந்தது. அபி குழந்தையாக இருந்தபோது குளிக்க வார்த்த பிளாஸ்டிக் தொட்டி. நிறையத் தண்ணீர். ஆவி லேசாக வந்துகொண்டிருந்தது.

வீடு முழுக்கத் தெளிக்க ரஞ்சி கரைத்து வைத்திருந்த மஞ்சள் தண்ணீர். எங்கள் ஆட்களுக்கு ஒரு நல்ல காரியம் என்றால் முதலில் வீட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். குளிருக்குக் கை விறைக்கிறது என்று சுடுதண்ணீரில் கரைத்திருந்தாள். விரலை விட்டுப் பார்த்தேன். குழந்தையைக் குளிக்க வார்க்கும் பதம். ராசன் சொன்ன அதே சூடு.

மஞ்சள் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லவரவில்லை. ஆனால் தண்ணீர் தண்ணீர்தானே என்று யோசித்தேன். அதோடு மஞ்சள் மங்களம். கலியாணக் கப். பொருத்தமாகக்கூட இருந்தது. அந்த ஒரு நிமிடம் என்னைப் புத்திசாலி என்று நினைத்தேன். அப்படி நினைக்கும் நிமிடங்களில் நான் கவனமாக இருக்கவேண்டும் என்பதை ரஞ்சி பல வருடங்களாகச் சொல்லிவருகிறாள்.

கப்பை விட்டேன். "சுர்" என்றது. வெடிக்கவில்லை.

அதற்குப் பிறகு பழைய தொழிற்சாலை உடம்புக்குத் திரும்பி வந்துவிட்டது. வை, மூடு, எடு, உரி, விடு. சுர். வை, மூடு, எடு. முழங்கால் வலி மறந்துபோனது. எல்லாம் முடியும்போது தொட்டி நிறையக் கப். அந்தத் தண்ணீர் மேலும் சூடாகி, பார்க்க ஒரு பெரிய சாம்பார் மாதிரி இருந்தது. எடுத்துத் துடைக்கலாம் என்று குனிந்தபோது ரஞ்சி கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஹரிஸ் பார்க்கில இனிப்புக்குச் சொல்லி வைச்சனான். போய் எடுத்துக்கொண்டு வாங்கோ."

போனேன். அங்கே வரிசை. இனிப்புக் கடைக்காரர் எனக்கு முன்னால் நின்றவரோடு கிரிக்கெட் பேசினார். நான் பேசவில்லை, நின்றேன். மனம் நிறைவாக இருந்தது. அபி கப்பைப் பார்த்து என்ன சொல்வாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து முதல் கப்பை எடுத்தேன். மஞ்சள். தண்ணீர் படிந்திருக்கிறது என்று துடைத்தேன். மஞ்சள். ஒரு வெள்ளைச் சறத் துணியால் அழுத்தித் துடைத்தேன். சறம் வெள்ளையாகவே இருந்தது. கப் மஞ்சளாகவே இருந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

பிறகுதான் விளங்கியது. அந்தப் பூச்சுக்கு மை எது, மஞ்சள் எது என்று தெரியாது. சூட்டில் வாயைத் திறந்து வைத்திருக்கும். கிடைத்ததைக் குடித்துவிட்டு மூடிக்கொள்ளும். ரஞ்சியும் எதற்கும் மஞ்சள் குறைவாகப் போடுகிறவள் இல்லை.

ரஞ்சி வந்து பார்த்தாள். ஒரு கப்பை எடுத்து நகத்தால் சுரண்டினாள்.

"என்னப்பா இது. பிள்ளையளுக்குக் காமாலை வந்த மாதிரிக் கிடக்கு."

"மஞ்சள்."

"தெரியுது. என்ர தொட்டிக்கையோ போட்டனியள்?"

"இளஞ்சூடா இருந்தது."

"இளஞ்சூடா இருந்தா என்னத்தையும் போடுவியளோ? குழம்பும் இளஞ்சூடாத்தான் அடுப்பில கிடக்கு."

பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தோம். தேசிக்காய் (எலுமிச்சைதான்) போட்டுத் தேய்த்தோம். அப்பச்சோடா போட்டோம். பலகாரம் சுட வந்த பெண்கள் பலகாரத்தை விட்டுவிட்டுக் கப் தேய்த்தார்கள். கைகள் வெளுத்தன. கப் வெளுக்கவில்லை. வெறும் கப்பும் மிச்சம் இல்லை. விற்கிற இடத்தில் கேட்டபோது அடுத்த கிழமைதான் வரும் என்றார்கள்.

அபி வேலை முடிந்து வந்தாள். ஒரு கப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியால ஓடிவந்த மாதிரி இருக்கிறம்" என்றாள். சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கப்பை மேசையில் மெதுவாக வைத்தாள், உடையக் கூடாது என்பது போல. "அன்ரி ஈப்போச் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறா அப்பா. அபிட அப்பா கையால செய்யிறார் எண்டு."

நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு அவள் வைத்த கப்பை எடுத்து மறுபடி தேய்த்தேன்.

ரஞ்சிதான் யோசித்தாள். "என்ர சீலையில மஞ்சள் பட்டா நான் என்ன செய்யிறனான்? வெயில்ல போடுறனான். வெயிலுக்கு மஞ்சள் நிக்காது. நாளைக்குக் காலமை தூக்கி வெயில்ல வையுங்கோ."

சனிக்கிழமை வெயில் எறித்தது. குளிர்கால வெயில், ஆனாலும் வெயில். புல்லெல்லாம் பனி. அதில் வைத்தால் ஒரு பக்கம்தான் காயும், சுற்றி எல்லாப் பக்கமும் வெயில் படவேண்டும். வீட்டுக்குப் பின்னால் வளவின் நடுவில் உடுப்புக் கொடி நின்றது. இந்த நாட்டு வீடுகளில் இருக்குமே, ஒற்றைக் கம்பத்தில் குடை மாதிரி விரிந்து, காற்றுக்குச் சுற்றுவது. அதைப் பார்த்தவுடன் எனக்கு யோசனை வந்தது. (மறுபடியும் புத்திசாலி.)

கைப்பிடியில் நூல் கட்டித் தொங்கவிட வேண்டும். நூல் தேடினேன். வீட்டில் இருந்தது கலியாணத்துக்கு வாங்கிய மஞ்சள் நூல்கட்டை ஒன்றுதான். கட்டினேன். கம்பி கம்பியாகத் தொங்கவிட்டேன். காற்று வந்தது. கொடி மெல்லச் சுற்றியது. அத்தனை அபியும் அத்தனை தினேஷும் சிரித்துக்கொண்டே வளவைச் சுற்றி வந்தார்கள். கப்போடு கப் முட்டிக் கிணுகிணு என்று சத்தம். பக்கத்து வீட்டு நாய் வந்து வேலியால் பார்த்துவிட்டுக் குரைக்காமல் போனது.

ரஞ்சி கழுவின குத்துவிளக்கைக் காயட்டும் என்று கொண்டுவந்து கொடிக் கம்பத்தடியில் வைத்தாள். புல் ஈரம் என்று அதற்குக் கீழே ஒரு வாழையிலை. கப் தேய்த்து மிஞ்சின தேசிக்காயையும் அந்த இலையிலேயே போட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. காமாலை குறைந்து, காய்ச்சல் விட்ட முகம் மாதிரி வந்துகொண்டிருந்தது. மத்தியானம் வரைக்கும் விட்டால் போதும் என்று ரஞ்சி சொல்லிக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் நின்றது. ஒன்றல்ல, இரண்டு.

லெட்சுமியம்மாவின் குரல் கேட்டது. "ஊர்லேருந்து எல்லாரும் வந்துட்டாங்க. மேய்ஸ் ஹில் கோயிலுக்கு வந்தோம். பக்கத்துலதானேன்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு."

அபி முன்வாசலுக்கு ஓடினாள். நான் பின்வளவில் நின்றேன். முன்னறையில் அவர்களை இருத்திவிடுவாள் என்று நம்பினேன். ஆனால் முன்னறையில் பலகாரத் தட்டுகள் பரவிக் கிடந்தன. வீட்டுக்குள் மஞ்சள் தண்ணீர் தெளித்த ஈரம் வேறு. (அதுவும் புதிதாகக் கரைத்தது. நான் முதலில் கெடுத்ததால்.) அவர்கள் நேராகப் பின்பக்கம் வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் கொடியைக் கண்டு நின்றார்கள். முன்னால் லெட்சுமியம்மா, பட்டுச் சேலை, நெற்றியில் கோயில் விபூதி. பின்னால் ஈப்போச் சொந்தங்கள், எல்லாரும் பெரியவர்கள், குளிருக்குச் சால்வை. நடுவில் கொடி. அதில் அவர் பெற்ற பிள்ளை மஞ்சள் நூலில் தொங்கிச் சிரித்துக்கொண்டு அவருக்கு முன்னால் ஊர்வலம் போனான். ஒரு சுற்றுப் போய்த் திரும்பவும் வந்தான்.

அபியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. இந்த நிமிடம் முடிந்தால் போதும், முழங்காலோடு திரும்பவும் பாண் தொழிற்சாலைக்கே போகிறேன் என்று நினைத்தேன்.

லெட்சுமியம்மா கப்பைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். இலையில் தேசிக்காயைப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். அவர் கழற்றினதைப் பார்த்துப் பின்னால் நின்ற அத்தனை பேரும் கழற்றினார்கள். பனிப்புல்லில் வெறுங்காலோடு நின்று, ஒரு மூத்த அம்மா கைகூப்பினார்.

"இது உங்க யாழ்ப்பாணத்துச் சடங்கா?" என்று லெட்சுமியம்மா என்னைக் கேட்டார்.

என் வாழ்க்கையில் மற்றவர்கள் எனக்காகப் பதில் சொல்லாத ஒரே நேரம் அதுதான். ரஞ்சி என்னைப் பார்த்தாள். அபி என்னைப் பார்த்தாள். கொடி கிணுகிணுத்தது.

"ஓம்" என்றேன்.

"மஞ்சள்ல தோய்ச்சு எடுக்குறதா?"

"ஓம்."

"அப்புறம் சுத்தணுமா? எத்தன சுத்து?"

"மூண்டு."

ஏன் மூன்று என்றேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. ரஞ்சி பின்னாலிருந்து என் முதுகில் கிள்ளினாள். அதற்குள் லெட்சுமியம்மா முன்னால் வந்து கொடிக் கம்பியைப் பிடித்துவிட்டார்.

"வாங்க சம்பந்தி. ரெண்டு பக்கமும் பிடிச்சாத்தானே முறை."

சம்பந்தி. அன்றுதான் முதல் தடவை.

நான் அந்தப் பக்கக் கம்பியைப் பிடித்தேன். அவர் இந்தப் பக்கம். தள்ளினோம். ஈப்போப் பெரியவர்கள் ஆளுக்கொரு கை வைத்தார்கள். லெட்சுமியம்மாவின் கணவரும் பேசாமல் வந்து தள்ளினார். மூன்றாவது சுற்றில் உற்சாகம் கூடிவிட்டது. ஒரு நூல் அறுந்து ஒரு கப் பறந்துபோய்க் கம்பத்தடிச் சீமெந்தில் விழுந்து துண்டு துண்டானது.

எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஈப்போ மூத்த அம்மா வாயில் கைவைத்தார்.

"கண்ணூறு கழிஞ்சுது" என்றாள் ரஞ்சி. ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "ஒண்டு உடையவேணும். உடையாட்டித்தான் யோசிக்கவேணும்."

"அட, ஆமா, திருஷ்டி" என்றார் மூத்த அம்மா. எல்லாருக்கும் மூச்சு வந்தது. அபி ஓடிப்போய்க் கராஜுக்குள் நின்றுகொண்டாள். சிரிப்பை அடக்கத்தான். சத்தம் வெளியே கேட்டது. மணப்பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது என்று அவர்கள் நினைத்து இரக்கப்பட்டார்கள்.

மறுநாள் கலியாணம் சிறப்பாக நடந்தது. கப்புகள் வெயிலில் நன்றாகவே வெளுத்திருந்தன. ஆனாலும் வெள்ளை என்று சொல்ல முடியாது, வெண்ணெய் நிறம். மண்டபத்தில் லெட்சுமியம்மா மைக்கை எடுத்தார். "இது எங்க சம்பந்தி தன் கையால செஞ்சு, அவங்க முறைப்படி மஞ்சள் ஏத்தின கப்" என்று அறிவித்தார். வாங்கினவர்கள் சிலர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ராசனும் ஒன்று வாங்கினான். மோந்து பார்த்தான். என்னிடம் வந்தான்.

"மச்சான், நானும் யாழ்ப்பாணந்தான். இது என்ன சடங்கு?"

"போய்ச் சாப்பிடு" என்றேன்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் நான் நிம்மதியாக ஓம் சொல்ல முடியாது. தேத்தண்ணி வேணுமா என்று கேட்டு நான் ஓம் என்றால், "எத்தினை சுத்து அப்பா?" என்று அபி கேட்பாள். மருமகனும் கற்றுக்கொண்டுவிட்டான். என் வியாபாரமும் ஓடுகிறது. வெள்ளைக் கப்பை யாரும் கேட்பதில்லை. மஞ்சள் ஏற்றினதுதான் வேணுமாம். ரஞ்சி மஞ்சள் கரைக்கிறாள், நான் கொடியில் கட்டுகிறேன். உடுப்புக் காயப்போட எங்களுக்கு இப்போது இடம் இல்லை.

போன வருடம் லெட்சுமியம்மாவின் தங்கை மகனுக்கு மெல்பனில் கலியாணம். எல்லாரும் போனோம். கலியாண வீட்டுப் பின்வளவுக்குப் போனால், அங்கே உடுப்புக் கொடி. அதில் மஞ்சள் நூலில் கப். அடியில் வாழையிலை, குத்துவிளக்கு, தேசிக்காய். சுற்றிவர ஆட்கள், எல்லாரும் வெறுங்காலோடு.

எனக்குப் பக்கத்தில் என்னைவிட மூத்தவர் ஒருவர் நின்றார். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் என்று பேச்சில் தெரிந்தது. நான் வாயைத் திறந்தபடி பார்ப்பதைக் கண்டு அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"தம்பி, உது என்னெண்டு தெரியாதோ? எங்கட பழைய முறை. முந்தி மண்சட்டியில செய்தவை. என்ர பெரியம்மாவின்ர கலியாணத்திலும் நடந்ததாம். இஞ்ச சட்டிக்கு எங்க போறது, அதுதான் கப்."

"ஓம்" என்றேன்.

அபி என் மற்றப் பக்கத்தில் நின்றாள். அவளுடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

மூன்று சுற்று முடிந்தது. ஒரு கப்பை வேண்டுமென்றே உடைத்தார்கள். கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்தது. லெட்சுமியம்மா ஒரு கப்பைக் கையில் எடுத்து வானத்தைப் பார்த்தார். மெல்பன் வானம், வழக்கம்போல் முகில் மூடிக் கிடந்தது.

"வெயில் பத்தல சம்பந்தி" என்றார் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. "இன்னும் மஞ்சள் நிக்குது. உங்க வீட்டுல அன்னிக்கு நல்ல வெயில்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுலயும் சேலையில மஞ்சக் கறை பட்டா வெயில்லதான் போடுவோம்" என்றார்.

இரண்டாவது கேள்வி கேட்பது என் வழக்கம் இல்லை என்று சொன்னேன். அன்று கேட்டேன்.

"அண்டைக்கே தெரியுமோ?"

"ஆமா" என்றார். கப்பைத் திரும்பக் கொடியில் மாட்டினார். ஒரு தடவை தள்ளிவிட்டார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்.